தறிக்குழியில் வைத்த குருணை

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் பச்சைத் தகரக்கூரை போட்ட தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. அது நான் கட்டியது. அதன் பின்னால் உள்ள கிணறு நான் வெட்டியது. பாதியில் பாறை வந்தபோது வெட்ட வந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் இறங்கி உடைத்தேன். ஊருக்குள் இருக்கும் இரண்டு மாடி வீடு என்னுடையது. மூன்று மகள்களையும் பட்டம் வாங்கவைத்தேன். முப்பது பேருக்கு வேலை கொடுத்தேன். மக்கிப்போகும் பிளாஸ்டிக்கில் பிரசாதக் கிண்ணம் செய்யும் மிஷினை இந்த ஊருக்கு முதலில் கொண்டுவந்தவன் நான்தான். வங்கியில் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "படிப்பு நாலாங்கிளாஸா?" என்று ஒருவர் சிரித்தார். பிற்பாடு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கிண்ணம்தான் போனது.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதும் நான் செய்ததுதான். அந்தத் தொழிற்கூடத்தில் ஒரு மனிதருக்கு வலது கண் போனது. அது அவருடைய கவனக்குறைவால் போனதாக ஒரு காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து.

எனக்குச் சொந்த ஊர் தாமல் பக்கம். அப்பா ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர். ஏரி நிரம்பாத ஒரு வருடம் என்னை டவுனுக்கு அனுப்பிவிட்டார். நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பட்டுத்தறிக் கொட்டகை. என்னைத் தறியில் உட்காரவைக்கவில்லை. என் வேலை தண்ணீர் ஊற்றுவது. அங்கே தறிகளெல்லாம் குழித்தறிகள். நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பார். சித்திரை, வைகாசியில் காற்று காய்ந்துபோனால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை பட்பட்டென்று அறும். அதனால் விடிந்ததும் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் தெளித்து, சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, மத்தியானம் இன்னொரு முறை தரையெல்லாம் நனைக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். அன்றைக்கு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே ஒரு நெசவாளர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"ஈரந்தாண்டா இழைக்கு உசுரு. தண்ணி ஊத்தறவன் தூங்கிட்டா நான் இன்னாத்த நெய்யறது, உன் தலமயிரையா?"

நான் கற்ற முதல் பாடம் அது. ஈரம் நல்லது, காய்ந்துபோவது கெட்டது. அதை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டேன். நாற்பது வருடம் கழித்து அதே பாடம் ஒரு மனிதரின் கண்ணைத் தின்னும் என்று யார் கண்டார்கள்?

கொட்டகை முதலாளி தறிகளைப் பெரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டபோது, அந்தக் காலிக் கொட்டகையை நான் வாங்கினேன். நான் தண்ணீர் தெளித்த அதே கொட்டகை. பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் பைக்கும் தடை வந்த சமயம். கோயில் கடைக்காரர்கள் தொன்னைக்கும் மட்டைத் தட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். சோளத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் வருகிறது, முறையாக மக்கவைத்தால் மண்ணோடு போய்விடும் என்று கேள்விப்பட்டேன். பழைய கூரையைப் பிரித்துத் தகரம் போட்டு, சுவரை உயர்த்தி, மிஷினை இறக்கினேன். அதுதான் முதலில் சொன்ன பச்சைக்கூரைத் தொழிற்கூடம்.

அந்தப் பிளாஸ்டிக் அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிய குருணையாக மூட்டையில் வரும். மிஷின் அதை உருக்கி, டை என்கிற அகலமான இரும்பு உதட்டு வழியாகத் தகடாகத் தள்ளும். அந்தத் தகட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் கிண்ணம். கேட்பதற்கு அப்பளம் இடுவதுபோலத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

ஓட்டுவதற்கு ஒரு பாய் வந்தார். டவுன்காரர். சாதாரண பிளாஸ்டிக் மிஷினில் பன்னிரண்டு வருடம் பழகியவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கலாம். மிஷினுக்குக் காது கொடுத்துத்தான் ஓட்டுவார்; மீட்டரை அப்புறம்தான் பார்ப்பார். நான் அவரை நீ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை மொதலாளி என்பார்.

குருணை மூட்டைக்குள் வெள்ளித்தாள் உறை வைத்துத் தைத்து வரும். ஒரு தடவை வேறொரு சரக்கில், மேலே நல்லதும் அடியில் கூட்டிப் பெருக்கியதும் போட்டு என்னை ஏமாற்றியிருந்தார்கள். அதிலிருந்து எந்த மூட்டை வந்தாலும் வாயைப் பிரித்து, அடி வரை கையை விட்டுப் பார்த்துவிடுவேன். மறுபடி தைப்பதில்லை. தகரக்கூரையின் அடியில் வெயில் காய்ச்சும். குருணை சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். கொட்டகையிலேயே குளிர்ச்சியான இடம் எது? நான் தண்ணீர் தெளித்த தறிக்குழிகள். அவற்றை மூடாமல் அப்படியே விட்டிருந்தேன். பிரித்த மூட்டைகளைக் குழிக்குள் இறக்கச் சொன்னேன். கோடையில் முன்போலவே சுற்றிலும் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன்.

பாய் குழியோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, மூட்டய கபர்க்குழியில வெக்கற மாதிரி வெக்கறீங்க?"

"குளிர்ச்சியா இருக்கட்டும் பாய். பட்டே இங்கதான் இருந்துச்சு. பட்ட விடவா இது ஒஸ்தி?"

"பட்டு வேற, இது வேற மொதலாளி."

"நீ மிஷின பாரு. மூட்டயில இருக்கற மாலு நான் பாத்துக்கறேன்."

முதல் அறிகுறி ஒரு கோயில் மடப்பள்ளியிலிருந்து வந்தது. அங்கே சமைக்கும் பரிசாரகர் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கிண்ணக் கட்டுகளைக் கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்திலேயே, ஆவி படும் இடத்தில் அடுக்கியிருந்தார். ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலை வைத்து என் முன்னால் நீட்டினார். விளிம்பு மெல்ல மெல்ல மடங்கியது.

"ஏன்யா, உம்ம கிண்ணம் பொங்கலைப் பாத்ததும் பொண்ணு பாக்க வந்தவா முன்னாடி நிக்கற மாதிரி தலையைக் குனியறதே! ஆத்துக்கு எடுத்துண்டு போன அஞ்சாறு நன்னாத்தான் நின்னுது. இங்க வெச்சதுதான் இப்படி."

அந்த மனிதர் பாதி விடையைக் கையில் கொடுத்துவிட்டார். ஆவி படாமல் வைத்த கிண்ணம் நிற்கிறது, ஆவி குடித்த கிண்ணம் குனிகிறது. எனக்குக் கேட்கவில்லை. "பொங்கல ஆறவெச்சு போடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழிகளின் சுவர் வியர்த்தது. குருணையைக் கையில் அள்ளினால் ஒன்றும் தெரியாது. கலகலவென்று உலர்ந்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் தகட்டில் அரிசிப்பொரி மாதிரிக் குமிழ் வர ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஓடினால் தகடு கஞ்சிபோல இளகித் தொங்கும். கார்த்திகை தீபத்துக்குக் கிண்ணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். வெளியே மழை. பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"மொதலாளி, உள்ள பட்பட்னு சத்தம் வருது. ஈரம் மாட்டிக்கினு இருக்குது. மால காயவெக்காம ஓட்டக்கூடாது."

"மூட்ட மேல ஒரு சொட்டு தண்ணி பட்டுதா? காட்டு."

"மேல பட்டாத்தானா? காத்துல இருந்தே குடிக்குது அது. காது குடுத்து கேளுங்க."

"உருகறது பத்தல. சூட்ட ஏத்து, சரியாப்பூடும்."

"ஏத்துனா இன்னும் தண்ணியாப்பூடும் மொதலாளி."

"பன்னண்டு வருசமா மிஷின் ஓட்டன ஆளா நீ? நகரு."

நான்தான் போய்ச் சூட்டை ஏற்றினேன். சூடு வைக்கும் திருகுகள் மூன்றையும் திருப்பியது என் கைதான். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஷினைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் டை உதட்டில் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டது. தகடு பாதி அகலத்துக்குத்தான் வந்தது. "நிறுத்திட்டு ஆறவெச்சு பாக்கலாம்" என்றார். "ஆறவெச்சா திரும்ப ஆரம்பிக்க அரை நாள் ஆவும், ஓடும்போதே எடு" என்றேன். பித்தளைச் சுரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஆவி உள்ளே கட்டிக்கிடந்திருக்கிறது. அடைப்பு நகர்ந்ததும் உருகிய பிளாஸ்டிக் துப்பிக்கொண்டு வந்தது. குக்கர் விசில் தெறித்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவில் அது உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. வாங்கி வைத்த பாதுகாப்புக் கண்ணாடிகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. தொலைத்துவிடுவார்கள் என்று நான்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணைக் காப்பாற்றினார்கள். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

விபத்து நடந்தால் அரசு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். என் அலுவலகக் கணக்கர் எழுதி எடுத்துவந்து எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் நீளமான காகிதமென்றால் அவரையே படிக்கச் சொல்வேன். இயக்குபவர் மிஷினை நிறுத்தாமல், கண்ணாடி அணியாமல், தம் கவனக்குறைவால் காயமடைந்தார் என்று இருந்தது.

"அவரா நிறுத்தாம வுட்டாரு?" என்றேன்.

"இப்டி எழுதுனாதாங்க மிஷினுக்கு சீல் வெக்கமாட்டாங்க. முப்பது பேரு பொழப்பு இருக்குது. பாய்க்கு சேரவேண்டியது எப்படியும் சேரும். வார்த்தயில இன்னாங்க இருக்குது?"

கையெழுத்துப் போட்டேன். நான் மெதுவாக, எழுத்து எழுத்தாகத்தான் போடுவேன். இடையில் நிறுத்துவதற்கு நிறைய நேரம் இருந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு பாயின் வீட்டுக்குப் போனேன். நான் உட்கார நாற்காலி போட்டார்கள். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவோரம் நின்றார். எனக்கு டீ வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. டீயைக் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மா கேட்டார்.

"வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில ஒக்காந்துகினே மிஷின பாத்துக்கற வேலைக்கு வரச்சொன்னாங்க. அப்பறம் வேணாம்னுட்டாங்க. கவனமில்லாத ஆளுன்னு காயிதத்துல இருக்குதாமே. எங்க வூட்டுக்காரரு சட்டயில ஒரு பொத்தான் அவுந்து பாத்திருக்கீங்களா மொதலாளி நீங்க?"

நான் டீயைக் கீழே வைத்தேன். பாய் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"சத்தம் கேக்குதுன்னு சொன்னேனே மொதலாளி. ஈரம்னு சொன்னேனே."

"ஈரத்துல இன்னா பாய் இருக்குது? ஈரம் நல்லதுதானே."

"ஒத்தக் கண்ணு எனக்குப் போதும். அந்த வார்த்த மட்டும் வேணாம். அத எடுத்துடுங்க."

நான் மன்னிப்புக் கேட்க அங்கே போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். ஈரம் எப்படிக் கெடுக்கும்? அவர் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டால் என் கையெழுத்து சரியாகிவிடும். அதற்காகத்தான் அந்தச் சோதனையைச் செய்தேன். அவரைப் பொய்யராக்க.

பரணிலிருந்து இரண்டு ஊறுகாய் பாட்டில்களை இறக்கினேன். ஒரே தகட்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு போல்ட் நட்டைக் கட்டி, மறுமுனையை மூடியின் உள்பக்கத்தில் பொருத்தி, பட்டை குறுக்காக நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்தேன். ஒரு பாட்டிலில் நனைத்த பஞ்சு. இன்னொன்றில், செருப்புப் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போட்டு வருமே சின்னப் பொட்டலங்கள், அவற்றை நிரப்பினேன். இறுக மூடிப் பத்து நாள் வைத்தேன். பிறகு சமையலறை அண்டாவில் தண்ணீர் வைத்து இரண்டு பாட்டிலையும் நிறுத்தினேன். சாயப்பட்டறையில் பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது சூடு பார்க்க ஒரு நீளத் தெர்மாமீட்டர் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை இரவல் வாங்கித் தண்ணீரில் விட்டு, அடுப்பை மிகச் சின்னதாக எரியவிட்டேன்.

என் மனைவி வந்து பார்த்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? வெறும் பாட்டிலுக்கு வென்னீரு ஊத்தி பிரசவம் பாக்கறீங்களா?"

"சும்மா இரு. ரெண்டும் ஒண்ணா வளயும் பாரு."

ஒன்றாக வளையவில்லை. தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்தபோது பஞ்சு போட்ட பாட்டிலில் இருந்த பட்டை தலையைச் சாய்த்தது. மடப்பள்ளியில் பார்த்த அதே குனிதல். பக்கத்துப் பாட்டிலில் இருந்தது இரும்பாட்டம் நின்றது. தெர்மாமீட்டரில் இன்னும் சில கோடுகள் ஏறிய பிறகுதான் அதுவும் சாய்ந்தது. அடுப்புச் சூடு ஒரு பக்கம் அதிகமாக இருக்குமோ என்று, மறுபடி வேறு பட்டைகள் வெட்டி, பாட்டில்களை இடம் மாற்றி வைத்துச் செய்தேன். மூன்றாவது முறையும் செய்தேன். மூன்று முறையும் ஈரம் குடித்ததுதான் முதலில் குனிந்தது.

அப்புறம் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் ஜரிகை நிறுக்கும் சின்னத் தராசை வாங்கிவந்தேன். தலைமுடி பாரம்கூடக் காட்டும். தறிக்குழிக் குருணை ஒரு பிடியை நிறுத்து, பல்பு எரியவிட்டுச் சூடாக்கிய பெட்டியில் ஒரு பகல் முழுக்க வைத்து, மறுபடி நிறுத்தேன். குறைந்திருந்தது. அன்று வந்து இறங்கி, நான் இன்னும் பிரிக்காத மூட்டையிலிருந்து எடுத்தது குறையவில்லை என்றே சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத, கைக்குத் தட்டுப்படாத அந்தத் தண்ணீரை நான் என் பணத்தில் வாங்கிய மூட்டைக்குள், நானே குழி காட்டி ஏற்றியிருக்கிறேன்.

அன்றைக்கே பாயிடம் ஓடினேன். முதல் தடவையாக அவரை நீங்க என்றேன்.

"நீங்க சொன்னதுதான் சரி பாய். ஈரந்தான்."

அவர் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்ச விசயத்த சொல்ல இவ்ளோ தூரம் வந்தீங்களா மொதலாளி? அந்த காயிதம்?"

"அடுத்த வாரம் மாத்திடறேன்."

அடுத்த வாரம் மாற்றவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்கு வேறு வெறி பிடித்துவிட்டது. உலர்த்தும் டிரையர் ஒன்றை நானே கட்ட ஆரம்பித்தேன். விலைக்குக் கிடைப்பதுதான், ஆனால் நான் கட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். தகரப் பீப்பாய், ஊதுவிசிறி, சூடேற்றும் கம்பி. முதல் நாள், சீக்கிரம் உலரட்டும் என்று சூட்டை முழுக்க வைத்தேன். திறந்து பார்த்தால் மூட்டைக் குருணை மொத்தமும் ஒரே பாறை. கடப்பாரை போட்டு இடித்தேன். கிணற்றில் உடைத்தது நினைவுக்கு வந்தது. பாறையின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். ஈரம் உள்ளது குறைந்த சூட்டிலேயே இளகும் என்று பாட்டில் காட்டியதே! அப்படியானால் ஈரம் இருக்கும்வரை மிதமான சூடு; ஈரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தேன். ஒட்டவில்லை. தகடு கண்ணாடிபோல வந்தது. பட்பட் சத்தம் நின்றது. எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தறிக்குழிகளை மண் கொட்டி மூடினேன். பாதுகாப்புக் கண்ணாடிகளை இழுப்பறையிலிருந்து எடுத்து மிஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். எல்லாம் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர.

நெடுஞ்சாலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியரும் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவரும் என் டிரையரைக் கேள்விப்பட்டு வந்தார்கள். ஊறுகாய் பாட்டில்களைக் காட்டினேன். அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். கடுகளவு துண்டை வைத்தால் எந்தச் சூட்டில் இளகுகிறது, எதில் உருகுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி அவர்களிடம் இருந்தது. ஈரமானது, உலர்ந்தது என்று என் தகட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க பாட்டில் காட்டுனதத்தான் சார் எங்க மிஷினும் காட்டுது. தண்ணி உள்ள போய், பிளாஸ்டிக்ல கண்ணுக்குத் தெரியாம இருக்கற நீள இழைகளுக்கு நடுவுல உக்காந்துக்குது. அதனால சீக்கிரம் இளகிடுது. அத காயவெச்சா பழையபடி வந்துடும். ஆனா உருகற சூட்டுல தண்ணி இருந்தா இழையவே துண்டு துண்டா அறுத்துடுது. சூடு ஏத்த ஏத்த இன்னும் வேகமா அறுக்கும். அதுக்கப்புறம் எவ்ளோ காயவெச்சாலும் திரும்ப வராது."

ஈரம் இழைக்கு உயிர் என்று கற்றவன் நான். இந்த இழையை ஈரம்தான் அறுக்கிறது. அதுவும் சூட்டை ஏற்ற ஏற்ற.

"சூட்ட ஏத்துனா இன்னும் தண்ணியாப்பூடும்னு எங்க பாய் அன்னிக்கே சொன்னாரும்மா" என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். பாய் சொன்னதைத்தான் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

போன மாதம் கல்லூரியில் விழா. வேட்டி சட்டை இஸ்திரி போட்டுப் போனேன். முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். நடைவழியில் அவர்கள் ஆராய்ச்சியைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். தமிழிலும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிப்படியாகச் சூடேற்றி உலர்த்தும் முறை தங்கள் குழு வகுத்தது என்று இருந்தது. கடைசியில் ஓர் உள்ளூர்த் தொழிற்கூடத்துக்கு நன்றி. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அதற்குமேலே, ஆரம்பத்திலேயே இன்னொரு வரி இருந்தது. ஒரு சிறு தொழிற்கூடத்தில் இயக்குபவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து இந்த ஆய்வு தொடங்கியதாம்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இது எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

"விபத்து அறிக்கையில இருந்துதான் சார். உங்க ஆபீஸ்லயே நகல் குடுத்தாங்க. நீங்கதானே சைன் பண்ணிருக்கீங்க?"

பேராசிரியர் வந்தார். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லியிருக்கோமே சார், உள்ளூர்த் தொழிற்கூடம்னு."

"உள்ளூர்த் தொழிற்கூடம்னா அதுக்கு ஆள் இல்லியா? கூரை தானா யோசிச்சு டிரையர் கட்டுச்சா? அது போவட்டும். இந்த வரிய எடுங்க மொதல்ல. கண்ணு போனது அவரால இல்ல, என்னால."

அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அப்படிப் போட்டா உங்களுக்குத்தான் சார் பிரச்சினை. நீங்களே உங்க மேல கேஸ் போட்டுக்கற மாதிரி. விட்டுடுங்க. அடுத்து புத்தகமா வருது, அதுல உங்க பேரை நல்லபடியா போட்டுடலாம்."

நல்லபடியா என்றால் பாட்டிலுக்கும் டிரையருக்கும் மட்டும்.

மறுநாள் அரசு அலுவலகத்துக்குப் போனேன். கவனக்குறைவு பாயுடையது அல்ல, என்னுடையது என்று என் கையாலேயே எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்ச பைலுங்க இது. இப்ப எதுக்கு கெளப்பறீங்க?" என்று திருப்பித் தந்தார். மறுபடி கொடுத்தேன். தபால் பெட்டியில் போடச் சொன்னார். போட்டேன். இதுவரை பதில் இல்லை.

பாய் இப்போது அவருடைய தம்பியின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து சக்கரத்துக்குக் காற்றடிக்கிறார். ஒரு கண்ணுக்கு ஆழம் தெரியாது. வால்வைத் தேடி விரல் இரண்டு மூன்று முறை தடவும். காற்று போகும் இடத்தைக் காதில் கேட்டே கண்டுபிடித்துவிடுகிறார். கல்லூரியில் நடந்ததைப் போய்ச் சொன்னேன். பம்பை நிறுத்தாமலேயே கேட்டார்.

"எழுதிட்டா கண்ணு வருமா மொதலாளி?"

"வராது பாய்."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க. இருக்கற ஒத்தக் கண்ணால படிக்கணும்."

அதனால்தான் இதை எழுதினேன். இங்கே பெயர்களைப் போடவில்லை. பெயர் வரவேண்டிய இடம் அந்தப் புத்தகமும், அந்த அறிக்கையும். கல்லூரிக்காரர்களுக்கும் அலுவலகத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஈரத்தை முதலில் காதால் கண்டுபிடித்தவர் பாய்; அவர் பெயரை முதலில் போடுங்கள். பாட்டில் சோதனை என்னுடையது. படிப்படியாகச் சூடேற்றி உலர்த்துவது என்னுடையது. அதில் ஒரு பிடிகூட வேறு யாருக்கும் தரமாட்டேன். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மூட்டையைப் பிரித்துத் தறிக்குழியில் வைத்தவன் நான், கண்ணாடியைப் பூட்டி வைத்தவன் நான், வேண்டாம் என்றவரைத் தள்ளிவிட்டுச் சூட்டை ஏற்றியவன் நான், ஓடும்போதே எடு என்றவன் நான் என்றும் போடுங்கள். அந்தக் கூரையின் அடியில் நடந்தது எல்லாம் நான் செய்தது. நான் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுத இதுவரை யாரையும் விட்டதில்லை. இதையும் விடமாட்டேன்.